சிறு விமானத்தில் டீசல் என்ஜின்: மூக்கை மட்டும் மாற்றினால் போதுமா?

செஸ்னா 172 போன்ற நான்கு பேர் அமரும் சிறு விமானத்தைக் கிளப்புவதற்கு முன்னால் விமானி ஒரு சின்ன வேலை செய்வார். இறக்கைக்கு அடியில் இருக்கும் வடிகால் குமிழை ஒரு பிளாஸ்டிக் குவளையின் முனையால் அழுத்தி, கொஞ்சம் எரிபொருளைப் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். தண்ணீர் கலந்திருக்கிறதா, தூசி மிதக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். குவளையில் இருப்பது வெளிறிய நீல நிறத்தில் இருக்கும். அதில் ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டால் சற்று நேரத்தில் ஆவியாகிப் போகும்; காகிதத்தில் பிசுக்கு நிற்காது.

அதே விமானம் டீசல் என்ஜினுக்கு மாற்றப்பட்டதாக இருந்தால் குவளையில் நீலம் இருக்காது. நிறமற்றோ, லேசான வைக்கோல் நிறத்திலோ இருக்கும். மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். காகிதத்தில் விட்ட சொட்டு சீக்கிரம் காயாது. எண்ணெய் வட்டமாகப் படிந்து நிற்கும்.

என்ஜின் மாற்றம் என்று எல்லோரும் சொன்னாலும், உண்மையில் நடப்பது எரிபொருள் மாற்றம். அந்தப் புது எரிபொருளை எரிப்பதற்குத்தான் புது என்ஜின். அந்த என்ஜினுக்காகப் புது ப்ரொப்பெல்லர், புது குழாய், புது பேட்டரி, புது டேங்க் வாய் என்று வேலை நீண்டுகொண்டே போகிறது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நீல எரிபொருளில் என்ன சிக்கல்?

சிறு விமானங்களின் பிஸ்டன் என்ஜின்களில் பெரும்பாலானவை எரிப்பது ஏவ்கேஸ் என்ற விமானப் பெட்ரோல். இன்று பரவலாகக் கிடைக்கும் வகைக்குப் பெயர் 100 எல்.எல். அந்த இரண்டு எழுத்துகளுக்கு 'ஈயம் குறைவு' என்று பொருள். ஆனால் அந்தக் 'குறைவு' பழைய விமானப் பெட்ரோலோடு ஒப்பிட்டுச் சொன்னது. லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். சாலையில் ஓடும் வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் உலகம் முழுக்க நின்றுபோன பிறகும், வானத்தில் அது தொடர்கிறது.

ஈயத்தைக் காரணமில்லாமல் யாரும் கலக்கவில்லை, அதற்கு ஒரு வேலை இருக்கிறது. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை பிஸ்டன் அமுக்கும்போது, ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் தீ ஒழுங்காகப் பரவ வேண்டும். சூடும் அழுத்தமும் கூடிப்போனால், தீ வந்து சேருவதற்கு முன்பே மிச்சக் கலவை மொத்தமாக வெடித்துவிடும். பிஸ்டனில் ஓட்டை விழும் அளவுக்குச் சேதம் வரலாம். அந்த வெடிப்பைத் தள்ளிப்போடுவதுதான் ஈயத்தின் வேலை. ஆக்டேன் எண் என்று சொல்வது இந்தத் தாங்கும் திறனைத்தான்.

இப்போது இந்த ஈயத்துக்கு எதிராக உலகம் திரும்பிவிட்டது. பெட்ரோலில் கலக்கும் ஈயச் சேர்மத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் குறித்த கெடு 2025 மே 1. அதன் பிறகு சிறப்பு அனுமதி இல்லாமல் பயன்படுத்த முடியாது. அமெரிக்காவில் 2030 முடிவுக்குள் ஈய விமானப் பெட்ரோலை ஒழிப்பது இலக்கு. ஈயமில்லாத மாற்றுப் பெட்ரோல்களும் வந்துகொண்டிருக்கின்றன. அது தனிக் கதை.

நீல எரிபொருளுக்கு இன்னொரு குறையும் உண்டு. பயணிகள் ஜெட் விமானம் இறங்கும் இடத்திலெல்லாம் ஜெட் எரிபொருள் கிடைக்கும். ஏவ்கேஸ் அப்படி இல்லை. சிறு விமானங்கள் குறைவாகப் பறக்கும் நாடுகளில் அது கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் விலை அதிகம்.

டீசல் என்ஜின், ஆனால் ஊற்றுவது டீசல் இல்லை

இங்கேதான் புதிதாகக் கேட்பவர்கள் குழம்புவார்கள். டீசல் விமானம் என்றதும் பெட்ரோல் பங்கில் லாரிக்கு ஊற்றும் அதே டீசல் நினைவுக்கு வரும். சில என்ஜின்களுக்குச் சாலை டீசலுக்கும் அனுமதி உண்டு. ஆனால் நடைமுறையில் இந்த விமானங்களில் ஊற்றப்படுவது ஜெட் ஏ-1, அதாவது பெரிய ஜெட் விமானங்கள் எரிக்கும் அதே சுத்திகரிக்கப்பட்ட மண்ணெண்ணெய் வகை. சாலை டீசலில் உள்ள மெழுகு, குளிர்ந்தால் உறையத் தொடங்கி வடிகட்டியை அடைத்துவிடும். ஜெட் ஏ-1 மைனஸ் 47 டிகிரி செல்சியஸ் வரை உறையக் கூடாது என்பது விதி. உயரே ஏற ஏறக் குளிர் கூடும் என்பதால் விமானத்துக்கு இதுதான் பொருத்தம்.

அப்படியென்றால் 'டீசல்' என்ற சொல் எதைக் குறிக்கிறது? எரிக்கும் முறையைக் குறிக்கிறது. டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் முதலில் வெறும் காற்று மட்டும் போகும். பிஸ்டன் அதை ஏறத்தாழ 18-இல் ஒரு பங்காக அமுக்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதே விளைவுதான் இங்கே பல மடங்காக நடக்கிறது. காற்றின் வெப்பம் 500 டிகிரியைத் தாண்டும். அந்த நேரத்தில் எரிபொருளை ஊசிமுனைத் துளைகள் வழியாகப் பீய்ச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும்.

பெட்ரோல் என்ஜினில் எது ஆபத்தோ, அதையே டீசல் என்ஜின் தன் வேலையாக வைத்திருக்கிறது. முன்கூட்டியே வெடிக்க அங்கே கலவையே கிடையாது. அதனால் ஆக்டேன் பற்றிய கவலை இல்லை, ஈயமும் வேண்டாம். அதிகமாக அமுக்க முடிவதால் ஒவ்வொரு துளியிலிருந்தும் கிடைக்கும் வேலையும் அதிகம். 8.5 மடங்கு அமுக்கும் 160 குதிரைத்திறன் பெட்ரோல் என்ஜின் பொருத்திய செஸ்னா 172 சீரான பறப்பில் மணிக்கு முப்பது லிட்டருக்கு மேல் குடிக்கும். 135 குதிரைத்திறன் டீசலுக்கு மாற்றிய அதே விமானத்துக்கு மணிக்கு இருபது லிட்டருக்குள் போதும். ஜெட் எரிபொருள் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் ஆற்றல் கொண்டது என்பதும் இதில் ஒரு பங்கு.

பழைய யோசனைதான்

1928-லேயே அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் ஒன்பது சிலிண்டர் டீசல் என்ஜின் ஒன்றை ஸ்டின்சன் விமானத்தில் பொருத்திப் பறக்கவிட்டது. 1931-இல் அதே என்ஜின் பொருத்திய பெல்லாங்கா விமானம் ஒன்று எரிபொருள் நிரப்பாமல் 84 மணி நேரத்துக்கும் மேலாக வானத்திலேயே இருந்தது. அந்தச் சாதனை 1986-இல் வாயேஜர் விமானம் அதை முறியடிக்கும் வரை நிலைத்தது. ஜெர்மனியில் ஜங்கர்ஸ் நிறுவனம் யூமோ 205 என்ற டீசல் என்ஜினைச் செய்தது. ஒரே சிலிண்டரில் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக வந்து நடுவில் காற்றை அமுக்கும் அமைப்பு அது. அட்லாண்டிக் மேல் தபால் சுமந்த கடல் விமானங்கள் அதில் ஓடின.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் காணாமல் போனது? எடைதான் காரணம். அந்த அழுத்தத்தைத் தாங்க எல்லாப் பாகங்களும் தடிமனாக இருக்க வேண்டும். அதற்குள் பெட்ரோலின் ஆக்டேன் ஏறி, பெட்ரோல் என்ஜின்கள் குறைந்த எடையில் அதிகத் திறன் தர ஆரம்பித்துவிட்டன.

மறுபடி உயிர் கொடுத்தது கார். காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும் டர்போவும், 1,300 பார் அழுத்தத்துக்கு மேல் எரிபொருளைப் பீய்ச்சும் காமன் ரெயில் முறையும் வந்த பிறகு, கார் டீசல் என்ஜின்கள் சிறிதாகவும் வலுவாகவும் ஆயின. ஜெர்மனியின் டீலெர்ட் நிறுவனம் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரின் 1.7 லிட்டர் டீசல் என்ஜினை அடிப்படையாக வைத்து 135 குதிரைத்திறன் விமான என்ஜின் ஒன்றைச் செய்தது. 2002-இல் அதற்குச் சான்றிதழ் கிடைத்தது. டைமண்ட் நிறுவனம் அதை டிஏ40, டிஏ42 விமானங்களில் பொருத்தியது. செஸ்னா 172, பைப்பர் பிஏ-28 போன்ற பழைய விமானங்களை மாற்றுவதற்கான தொகுப்பும் வந்தது. பிரான்சின் எஸ்எம்ஏ நிறுவனம் வேறு வழியில் போனது. கார் என்ஜினைத் தொடாமல், விமானத்துக்கென்றே 5 லிட்டர், 230 குதிரைத்திறன் என்ஜினை வடிவமைத்தது. அது செஸ்னா 182-க்குப் போனது.

மூக்கைப் பிரித்தால்

சரி, இப்போது பட்டறைக்கு வருவோம். மூடியைக் கழற்றி, பழைய என்ஜினைத் தூக்கி, தாங்கிப் பிடித்த சட்டத்தையும் அவிழ்த்தாகிவிட்டது. கார் வழி வந்த டீசல் ஒன்றைப் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம்.

முதல் பிரச்சினை சுழலும் வேகம். பழைய பெட்ரோல் என்ஜின் நிமிடத்துக்கு 2,700 சுற்றோடு நின்றுவிடும். ப்ரொப்பெல்லரை நேராக அதன் முனையில் மாட்டிவிடலாம். கார் டீசலின் முழுத்திறன் 3,900 சுற்றில்தான் வருகிறது. 1.9 மீட்டர் விட்டமுள்ள ப்ரொப்பெல்லரை அந்த வேகத்தில் சுற்றினால் அதன் நுனி நொடிக்கு 388 மீட்டர் வேகத்தில் போகும். ஒலியின் வேகமே சுமார் 340 மீட்டர்தான். ஒலியைத் தாண்டும் நுனி காதைக் கிழிக்குமே தவிர விமானத்தை இழுக்காது. அதனால் நடுவில் ஒரு கியர்பாக்ஸ் வேண்டும். 1.69-க்கு 1 என்று குறைத்தால் 2,300 சுற்று வரும், நுனி வேகம் 230 மீட்டருக்குக் கீழே வந்துவிடும்.

கியர்பாக்ஸ் வந்ததும் அடுத்த சிக்கலும் கூடவே வருகிறது. டீசல் எரிவது பெட்ரோலைப்போல மெதுவாக அல்ல. ஒவ்வொரு எரிப்பும் சுத்தியல் அடி மாதிரி. தண்டு சீராகச் சுற்றாமல் ஒரு நொடிக்குள் பல முறை முறுக்கி முறுக்கி விடும். இந்த முறுக்கு அதிர்வு பல் சக்கரங்களைத் தின்னும், உலோகப் ப்ரொப்பெல்லரின் இதழ்களில் களைப்பை ஏற்றும். இதை உறிஞ்ச கிளட்ச் அல்லது பிரத்யேக ஃப்ளைவீல் வைக்கிறார்கள். உலோக இதழ்களுக்குப் பதிலாக மரமும் கூட்டிழையும் சேர்ந்த இதழ்களைப் போடுகிறார்கள். டீலெர்ட் என்ஜின்களில் ஆரம்பத்தில் 300 மணி நேரத்துக்கு ஒரு முறை கியர்பாக்ஸைக் கழற்றித் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. டீசல் மாற்றத்தின் உண்மையான போராட்டம் என்ஜினுக்குள் நடந்ததைவிட, என்ஜினுக்கும் ப்ரொப்பெல்லருக்கும் நடுவில் இருக்கும் அந்த ஓரடி இடத்தில்தான் நடந்தது என்பது என் கருத்து.

அப்புறம் குளிர்விப்பு. பழைய என்ஜினின் சிலிண்டர்கள் மேல் காற்று பட்டாலே போதும். கார் வழி வந்த டீசலுக்குத் தண்ணீர் சுற்ற வேண்டும், அதற்கு ரேடியேட்டர் வேண்டும். டர்போ அமுக்கிச் சூடாக்கிய காற்றை ஆற்றுவதற்கு இன்னொரு குளிர்விப்பான். அதனால்தான் மாற்றப்பட்ட விமானத்தின் மூக்கில் காற்று நுழையும் வாய்களின் வடிவமே வேறாக இருக்கும். ஒரு லாபமும் உண்டு: சுடுநீர் இருப்பதால் குளிர்காலத்தில் அறைக்குள் வெப்பம் தாராளமாக வரும்.

எரிபொருள் குழாய் விஷயம் வெளியில் தெரியாதது, ஆனால் முக்கியம். பெட்ரோல் என்ஜினுக்கு டேங்கிலிருந்து ஒரு வழிப் பாதை போதும். காமன் ரெயில் டீசல் தேவைக்கு அதிகமாக எரிபொருளை இழுத்து, அழுத்தி, மிச்சத்தைச் சூடாகத் திருப்பி அனுப்பும். எனவே டேங்குக்குத் திரும்பும் குழாய் ஒன்று புதிதாகப் போட வேண்டும். எந்த டேங்கிலிருந்து எடுக்கிறோமோ அதற்கே திருப்பி அனுப்புமாறு தேர்வு வால்வையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒரு டேங்க் காலியாக, நிரம்பிய இன்னொன்று வழியும். டேங்கின் வெப்பநிலையைக் காட்டும் அளவியும் சேர்கிறது. அந்த உயர் அழுத்த பம்பு எரிபொருளையே மசகெண்ணெயாகக் கொண்டு ஓடுகிறது என்பதையும் மனதில் வையுங்கள், கடைசியில் திரும்ப வருவேன்.

எடைக் கணக்கு கொஞ்சம் சுவாரஸ்யமானது. என்ஜின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், தண்ணீர் எல்லாம் சேர்த்தால் விமானம் முன்பைவிடக் கனக்கும். பாரம் மூக்கில் கூடுவதால் ஈர்ப்பு மையத்தையும் மறுபடி கணக்கிட்டாக வேண்டும். ஜெட் எரிபொருளும் லிட்டருக்கு 0.80 கிலோ, ஏவ்கேஸ் 0.72 கிலோதான். ஆனால் நான்கு மணி நேரப் பறப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 32 லிட்டர் வீதம் ஏவ்கேஸ் 128 லிட்டர், 92 கிலோ. மணிக்கு 18 லிட்டர் வீதம் ஜெட் எரிபொருள் 72 லிட்டர், 58 கிலோ. சுமக்க வேண்டிய எரிபொருளிலேயே 34 கிலோ மிச்சம். குட்டிப் பறப்பில் டீசல் பாரம். தூரம் போகப் போக அந்தப் பாரம் கழிந்துவிடும்.

மின்சாரம் இல்லாவிட்டால்?

பழைய விமான என்ஜினில் மேக்னட்டோ என்ற எளிய கருவி இரண்டு இருக்கும். என்ஜின் சுற்றும் வரை அவை தாமாகவே பொறி உண்டாக்கும். பேட்டரி செத்தாலும், ஆல்டர்னேட்டர் போனாலும் என்ஜின் நிற்காது. புதிய டீசல்களில் பெரும்பாலானவற்றை ஃபாடெக் என்ற கணினி இயக்குகிறது. எவ்வளவு எரிபொருள், எந்த நொடியில், ப்ரொப்பெல்லர் இதழ் எந்தக் கோணத்தில் என்று எல்லாம் அதன் முடிவு. கணினிக்கு மின்சாரம் வேண்டும்.

இது எவ்வளவு முக்கியம் என்று 2007-இல் ஜெர்மனியின் ஷ்பையர் நகரில் நடந்த விபத்து காட்டியது. பேட்டரி தீர்ந்துபோன டிஏ42 என்ற இரட்டை என்ஜின் விமானம் ஒன்றை வெளி மின்சாரத்தில் கிளப்பினார்கள். மேலெழுந்ததும் சக்கரங்களை உள்ளிழுத்தபோது மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தது. அந்தக் கணத்தில் கணினிகள் தடுமாற, இரண்டு என்ஜின்களும் நின்றுபோயின. அதற்குப் பிறகு கணினிக்கென்றே தனி மாற்று பேட்டரி வைப்பது வழக்கமானது. டீசல் விமானத்தில் பேட்டரி தீர்ந்தால், ஒயர் போட்டுக் கிளப்பிவிட்டுப் பறக்கலாம் என்று நினைக்கவே கூடாது.

விமானியின் கைக்கு இதனால் வேலை குறைகிறது என்பதும் உண்மை. பெட்ரோல் விமானத்தில் காற்று, எரிபொருள் கலவை, சிலவற்றில் ப்ரொப்பெல்லர் கோணம் என்று தனித்தனி நெம்புகோல்கள். கார்புரேட்டரில் பனி பிடிக்குமோ என்ற கவலை வேறு. டீசலில் ஒரே நெம்புகோல். சாவியைத் திருப்பி, உள்ளே காற்றைச் சூடாக்கும் க்ளோ பிளக்கின் விளக்கு அணையும் வரை காத்திருந்து கிளப்ப வேண்டியதுதான். ஓடுபாதைக்கு முன்னால் சோதனைப் பொத்தானை அழுத்திப் பிடித்தால், கணினியின் இரண்டு பாதிகளும் மாறி மாறிப் பொறுப்பெடுத்துக்கொண்டு தம்மைத் தாமே சோதிக்கும். ப்ரொப்பெல்லரின் ஒலி இறங்கி ஏறுவதைக் காதால் கேட்கலாம்.

பறக்கும்போது ஒரு வித்தியாசம் தெரியும். 160 குதிரைத்திறனை எடுத்துவிட்டு 135-ஐ வைத்தால், தரைமட்டத்தில் கிளம்பும்போது விமானம் சோம்பலாக ஏறும். பின்னாளில் 155 குதிரைத்திறன் வகை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பெட்ரோல் என்ஜின் உயரம் ஏற ஏற மூச்சுத் திணறும்; 8,000 அடியில் ஏறத்தாழ முக்கால் பங்கு, அதாவது 120 குதிரைத்திறன்தான் மிஞ்சும். டீசலின் டர்போ மெல்லிய காற்றையும் அமுக்கி உள்ளே தள்ளுவதால் பல ஆயிரம் அடி வரை திறன் குறையாது. அதே டர்போவால் ஒரு கட்டுப்பாடும் உண்டு: வானத்தில் என்ஜின் நின்றால், மிக உயரத்தில் மறுபடி பற்றவைக்க முடியாமல் போகலாம். கையேட்டில் குறித்த உயரத்துக்கு இறங்கி வந்து முயல வேண்டும்.

யாருக்கு லாபம்?

இந்த மாற்றத்தை விருப்பப்பட்டவர் தன் கொட்டகையில் செய்துவிட முடியாது. சான்றிதழ் பெற்ற விமானத்தின் வடிவமைப்பில் கை வைத்தால், அந்த மாற்றத்துக்கென்று துணை வகைச் சான்றிதழ் வேண்டும். ஐரோப்பாவில் ஈசா, அமெரிக்காவில் எஃப்ஏஏ என்ற விமானப் பாதுகாப்பு அமைப்புகள் அதைத் தருகின்றன. எந்த மாடலுக்கு எந்த என்ஜின், எந்த ப்ரொப்பெல்லர், எந்தக் குழாய் என்று எல்லாம் அதில் அடங்கும். உங்கள் மாடலுக்கு அப்படி ஒன்று இல்லை என்றால் கதை அங்கேயே முடிந்தது. சொந்தமாகக் கட்டும் சோதனை வகை விமானங்களுக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு.

பணக் கணக்கில் பலரும் மறக்கும் ஒன்று ஆயுள். பெட்ரோல் என்ஜினைச் சுமார் 2,000 மணி நேரம் ஓட்டியபின் பிரித்துப் புதுப்பிக்கலாம். கார் வழி வந்த டீசல்களில் பலவற்றைப் புதுப்பிப்பதில்லை. குறித்த மணி முடிந்ததும் கழற்றி வேறு என்ஜின் வைக்க வேண்டும். அந்த வரம்பு தொடக்கத்தில் குறைவாக இருந்து, இன்று கான்டினென்டல் நிறுவனத்தின் 2 லிட்டர் வகையில் 2,100 மணி வரை ஏறியிருக்கிறது. நிறுவனத்தின் நிலையும் முக்கியம். 2008-இல் டீலெர்ட் நொடித்துப்போனபோது உத்தரவாதங்கள் செல்லாமல் போய், உதிரிப்பாகங்களுக்குச் சொந்தக்காரர்கள் கையைக் கடிக்கும் விலை கொடுத்தார்கள். பின்னர் அந்தத் தொழில் கான்டினென்டல் பெயரில் தொடர்கிறது. டைமண்டோ ஆஸ்ட்ரோ என்ஜின் என்ற சொந்த நிறுவனத்தின் 168 குதிரைத்திறன் டீசலுக்கு மாறிவிட்டது. 2023-இல் அமெரிக்காவின் டெல்டாஹாக் 180 குதிரைத்திறன் இரண்டு வீச்சு டீசலுக்குச் சான்றிதழ் வாங்கியிருக்கிறது. அதில் எரிபொருளைப் பீய்ச்சுவது கணினி அல்ல, இயந்திர முறை என்பது எனக்குப் பிடித்த அம்சம்.

ஆகவே வருடம் முழுக்கப் பறக்கும் பயிற்சிப் பள்ளிக்கும், ஏவ்கேஸே கிடைக்காத ஊரில் வேலை செய்பவருக்கும் இந்த மாற்றம் செலவைத் திருப்பிக் கொடுக்கும். மாதம் நான்கைந்து மணி பறப்பவருக்கு, மிச்சமாகும் எரிபொருள் அந்தப் பெரிய முதல் செலவை எட்டிப் பிடிக்காது. அவர் ஈயமில்லாத பெட்ரோலுக்குக் காத்திருப்பது நல்லது. டீசல்தான் வேண்டும் என்றால், பைப்பரின் ஆர்ச்சர் டிஎக்ஸ் போல முதலிலிருந்தே டீசலாகப் பிறந்த விமானத்தைப் பார்க்கலாம்.

பட்டறை வேலை முடிந்த பிறகும் ஒரு ஆபத்து மிச்சம் இருக்கிறது. மாற்றப்பட்ட செஸ்னா வெளியிலிருந்து பார்க்கப் பழைய செஸ்னா மாதிரியே இருக்கும். வருடக்கணக்காக அந்த வகை விமானத்துக்கு நீல எரிபொருள் ஊற்றிப் பழகிய கை, யோசிக்காமல் அதையே ஊற்றிவிடும். ஏவ்கேஸ் அந்த அழுத்தத்தில் ஒழுங்காகப் பற்றாது. அதைவிட மோசம், அதில் வழுவழுப்பு கிடையாது. எரிபொருளையே மசகாக நம்பி ஓடும் அந்த உயர் அழுத்த பம்பு தேய்ந்து, உலோகத் தூளை ஊசித்துளைகள் வரை அனுப்பும். ஜெட் எரிபொருளின் குழாய் முனை அகலமாகவும் தட்டையாகவும் செய்யப்படுகிறது. பெட்ரோல் டேங்கின் 60 மில்லிமீட்டர் வாய்க்குள் அது நுழையாது. ஆனால் தடுப்பு ஒரு திசையில்தான். பெட்ரோலின் ஒல்லியான முனை எந்த வாய்க்குள்ளும் நுழையும். அதனால் டேங்க் மூடியின் அருகில் ஜெட் எரிபொருளுக்கான கருப்புப் பட்டையைப் பெரிதாக ஒட்டுகிறார்கள், பெட்ரோலுக்குச் சிவப்பு. பட்டை இருந்தாலும், நிரப்பும்போது விமானி இறக்கைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நிரப்பி முடித்துச் சற்று நேரம் கழித்து, குவளையில் மறுபடி பிடித்துப் பார்க்க வேண்டும். துளி நீலம் தெரிந்தாலும், மண்ணெண்ணெய் வாடையில் பெட்ரோல் வாடை கலந்திருந்தாலும் சாவியைத் தொடாமல் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.